அடையாள அட்டையில் இருந்த முகம்

'அவசரப் பிரிவு' என்று வாசலில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். ஆனால் அவசரம் எல்லாம் வருகிறவர்களுக்குத்தான், உள்ளே இருக்கிற எங்களுக்கு ஒரு அவசரமும் கிடையாது.

சண்டைக் காலத்தில், கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பதினொரு வருசம் பதிவு மேசையில் இருந்தவள் நான். பகல் வேலை. பெயர், வயது, விலாசம், என்ன வருத்தம், எத்தனை நாளாய் என்று கேட்டுத் துண்டு எழுதி உள்ளே அனுப்புவேன், அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் பிறந்து கொன்வென்டில் படித்ததால் மூன்று பாசையும் வரும். அதற்காகத்தான் என்னை அந்தக் கதிரையில் இருத்தினார்கள், முகராசிக்காக இல்லை. நீங்களும் எங்கேயாவது அப்படி ஒரு மர வாங்கில் மணித்தியாலக் கணக்காகக் காத்திருந்திருப்பீர்கள். மேசையில் இருந்தவளை மனதுக்குள் திட்டியும் இருப்பீர்கள். பரவாயில்லை, அவளும் உங்களைத் திட்டித்தான் இருப்பாள்.

துண்டு

எங்களிடம் ஒரு நடைமுறை இருந்தது. எத்தனை தரம் வந்த ஆளாக இருந்தாலும் ஒவ்வொரு தரமும் புதுத் துண்டுதான். போன கிழமை வந்தது, போன மாதம் வந்தது ஒன்றும் அந்தத் துண்டுக்குத் தெரியாது. உள்ளே இருக்கிற டொக்டரும் அநேகமாகப் புது ஆள். அவரும் முதலில் இருந்துதான் தொடங்குவார். காலை முறித்துக்கொண்டு வருகிறவனுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பெரிய கரைச்சல் லூப்பஸ் வருத்தக்காரருக்குத்தான். உடம்பு தன்னைத்தானே எதிரி என்று நினைத்து அடிக்கிற வருத்தம் அது. இன்றைக்கு மூட்டு வீங்கும், நாளைக்கு நெஞ்சு நோகும், மற்ற நாள் காய்ச்சல், கொஞ்சம் விட்டால் சிறுநீரகம். மாதத்துக்கு ஒரு கிளினிக் இருக்கிறதுதான். ஆனால் வருத்தம் கிளினிக் தேதி பார்த்து வருவதில்லை, அதனால் எங்கள் வாசலுக்கு அடிக்கடி வருவார்கள்.

வசந்தியும் அப்படித்தான் வந்தாள். முப்பது வயது இருக்கும். சொந்த இடம் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். ஒரு கையில் குடை, மற்றக் கையில் மட்டை பிய்ந்து திரும்ப ஒட்டின கிளினிக் கொப்பி. இரண்டு கிழமைக்கென்று மருந்துக்கு வந்தவள், வந்த இடத்தில் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். நாலு வயதுப் பிள்ளையும் புருசனும் அங்கே, இவள் இங்கே வெள்ளவத்தையில் சித்தி வீட்டில். இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வரிசை வாசல்வரை நிற்கிறது என்பது மட்டும்தான். தலையை நிமிர்த்தாமலே "எத்தனை நாளாய்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நிமிர்ந்து பார்த்தால் அவள் உண்மையாகவே யோசித்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"ஆறு வருசமும் மூண்டு நாளும், மிஸ். எதை எழுதப்போறியள்?"

பவுடர்

மூன்று நாள் என்றுதான் எழுதினேன், வேறு என்ன செய்ய. ஆறு வருசம் என்று எழுதினால் அவசரப் பிரிவில் என்ன வேலை, கிளினிக்குப் போ என்று திருப்பிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் கல்கிசையில் இருந்து ஒரு பிள்ளையும் வரும். ஒரு கந்தோரில் டைப் அடிக்கிற பிள்ளை, இதே வருத்தம். எப்போது வந்தாலும் பவுடர் பூசி, பொட்டு வைத்து, மடிப்புக் குலையாத சேலையோடு வரும். உள்ளே போனால் பத்து நிமிசத்தில் வெளியே வந்துவிடும். புது டொக்டருக்கு அவளைப் பார்த்தால் வருத்தக்காரி மாதிரித் தெரிவதில்லை. பனடோல் குடு, அனுப்பு. அடிக்கடி வருகிறவர்களுக்கு உள்ளே ஒரு பெயரும் வைத்திருந்தார்கள், அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், அதற்கும் சேர்த்துத்தான் வெட்கம்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் பிள்ளை, வருத்தத்துக்கு மருந்தெடுக்க வருகிற நீர் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டு வந்தால் யார் நம்புவார்கள், முகத்தைக் கழுவிப்போட்டு வாரும் என்றேன். அந்தப் பிள்ளை கைலேஞ்சியால் கன்னத்தை ஒரு பக்கம் துடைத்துக் காட்டியது. மூக்கின் இரண்டு பக்கமும் செக்கச்சிவந்து தோல் உரிந்திருந்தது.

"வருத்தக்காரி மாதிரி வெளிக்கிட்டா பஸ்ஸில ஒருத்தரும் பக்கத்தில இருக்கமாட்டினம், மிஸ். வடிவாய் வெளிக்கிட்டா இஞ்ச ஒருத்தரும் நம்பமாட்டினம்."

குடை

லூப்பஸ்காரருக்கு வெயில் ஆகாது. ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றால் ஒரு கிழமை படுக்கை. ஆகையால் வசந்தி எப்போதும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை துணி, கையில் குடை. இப்போது நீங்களே சொல்லுங்கள், அந்த நாளில் ஒரு தமிழ்ப் பெண் முழுக்கச் சுற்றிக்கொண்டு, கறுப்புக் குடையும் ஒரு பை நிறைய மாத்திரையுமாகக் காலி வீதியில் போனால் என்ன நடக்கும்? உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நூறாம் நம்பர் பஸ்ஸில் இருந்து இறங்கி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு அதே வரிசையில் நீங்களும் நின்றிருப்பீர்கள். நானும் நின்றிருக்கிறேன்.

அப்படித்தான் ஒரு நாள் ஆமிக்காரர் சோதனைக்கென்று பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். குடையைச் சுருக்கச் சொன்னார்கள். சுருக்கினாள். பையைக் கொட்டச் சொன்னார்கள். கொட்டினாள். மாத்திரை ஒவ்வொன்றையும் என்னவென்று கேட்டு முடிய உச்சி வெயில். மூன்றாம் நாள் நூற்றிமூன்று காய்ச்சலோடும், முகம் முழுக்கச் சிவப்போடும் என் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். எனக்கு வந்த கோபத்தில், அந்த ஆமிக்காரனுக்குக் கண் இல்லையா, ஒரு குடையைப் பிடிக்க விட்டால் என்ன குறைந்துபோகும் என்று உரக்கவே கத்திவிட்டேன்.

எங்கள் அட்டெண்டன் சோமபால அய்யே, சிங்களத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம், பக்கத்தில் டிரொலியோடு நின்றார். கொலன்னாவைக்காரர், நல்ல மனுசன். அவருடைய மகனும் ஆமியில், அப்போது வடக்கில் எங்கேயோ ஒரு வீதியில் காவலுக்கு நிற்கிறான். கடிதம் வந்து இரண்டு மாதம். அவர் வசந்தியைத் தாங்கிப் பிடித்து டிரொலியில் இருத்திவிட்டு, அவளுடைய கையில் இருந்த குடையை வாங்கிச் சுருக்கிக் கால்மாட்டில் வைத்தார். பிறகு சிங்களத்தில் என்னிடம் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"இந்தப் பிள்ளைக்கு நீங்கள் இருக்கிறீங்க, மிஸ். என்ர மகனுக்கு அங்க யார் குடை பிடிக்கிறது?"

பஸ் சத்தம்

வசந்தியின் மகளுக்குப் பெயர் அபி. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு, புருசன் பிள்ளையைத் தன்னோடு வேலை செய்கிறவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயிருந்து வசந்தியின் போனுக்கு எடுப்பார். வாரத்தில் அந்த ஒரு பத்து நிமிசத்துக்காகத்தான் அவள் மற்ற நாளெல்லாம் மாத்திரை விழுங்கினாள் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு ஞாயிறு காலை நெஞ்சு நோவென்று வந்து, கையில் சேலைன் ஏறுகிறது. பத்து இருபத்தைந்துக்கு என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். எங்கள் சுவரில் கைபேசி பாவிக்கத் தடை என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நானே ஒட்டின அறிவித்தல். நான் அந்த அறிவித்தலுக்கு முன்னால் போய், அதை மறைத்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. அவள் எழும்பி இருந்து, தொண்டையைச் செருமி, அவ்வளவு நேரமும் முனகிக்கொண்டிருந்தவள், பள்ளிக்கூட ரீச்சர் மாதிரித் தெளிவாகக் கதைக்கத் தொடங்கினாள். ஓம் குஞ்சு, அம்மா சுகமாய் இருக்கிறன், அம்மா கடைக்கு வந்தனான். பின்னால் டிரொலி உருண்டது. அது என்ன சத்தம் என்று பிள்ளை கேட்டிருக்கவேண்டும். பஸ் சத்தம் என்றாள்.

ஜனவரியில் அபியை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கப்போகிறார்கள். முதல் நாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக அம்மா வருவாள் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. போனை வைத்த பிறகு வசந்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை, ஊசி ஏறின கையைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என்ன சொன்னது என்று கேட்டேன். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்:

"அம்மா, அப்பா புதுச் சப்பாத்து வாங்கித் தந்தவர். நீங்கள் வந்து போட்டுவிடுமட்டும் நான் அதுக்குள்ள காலை வைக்கமாட்டன்."

இரண்டு முகம்

பாதை பூட்டியிருந்ததால் யாழ்ப்பாணம் போவதென்றால் பிளேன் அல்லது கப்பல். அதற்கும் முதலில் அனுமதி எடுக்கவேண்டும். வசந்தி விண்ணப்பம் போட்டு, மாதக் கணக்காக அலைந்து, ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். டிசம்பர் முதல் கிழமை. போன அன்றைக்கே நேரே என் மேசைக்கு வந்தாள். அன்றைக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. துண்டு எழுதப் போன என் கையைத் தடுத்து, அடையாள அட்டையை மேசையில் வைத்தாள்.

அட்டையில் ஒரு ஒல்லிப் பெட்டை. எடுப்பான கன்னம், நீட்டு நாடி, கூர்ந்த கண். என் முன்னால் நின்றவளுக்கோ முகம் வட்டமாக ஊதி, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. எல்லாம் கொழும்புக்கு வந்த பிறகு கூட்டிக் கொடுத்த அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை செய்கிற வேலை. உயிரைக் காப்பாற்றும், முகத்தை எடுத்துவிடும். அனுமதி கொடுக்கிற கந்தோரில் இருந்தவர் அட்டையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இது நீ இல்லை, யாருடைய அட்டை இது என்று கேட்டிருக்கிறார். டொக்டரின் கடிதத்தைக் காட்டியிருக்கிறாள். கடிதத்தில் படம் இல்லையே என்றிருக்கிறார். இப்போதைய முகத்தோடு புது அட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். புது அட்டைக்கு எங்கே போகவேண்டும் என்று விசாரித்தால், பதிவு இருக்கிற இடத்துக் கிராம சேவகரிடம். அவர் கொக்குவிலில் இருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு வசந்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையைத் திரும்ப வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஊருக்குப் போறதெண்டா புது முகம் வேணுமாம், மிஸ். புது முகத்துக்கு ஊருக்குப் போகவேணுமாம்."

என் வாய்

இனிச் சொல்லப்போவது என்னுடைய பிழை. இத்தனை வருசமாக யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

அன்றைக்குப் போகும்போது வசந்தி கேட்டாள், இந்த முகம் எப்போது வற்றும் மிஸ் என்று. நான் டொக்டரும் இல்லை, நேர்சும் இல்லை, துண்டு எழுதுகிறவள். ஆனால் வாய் சும்மா கிடக்காதே. உள்ளே டொக்டர்மார் கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மாத்திரை குறைந்தால் முகமும் குறையும் என்றேன். டொக்டர்தான் பார்த்துப் பார்த்துக் குறைக்கவேண்டும் என்று சேர்த்துச் சொல்லவில்லை. அவளுக்குத் தேறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன், கடவுளாணை வேறு நினைப்பு இல்லை.

அவள் அனுமதிக்குத் திரும்ப எழுதிப் போட்டாள். இந்த முறை சும்மா காத்திருக்கவில்லை. பத்து நாள் கழித்து மேசைக்கு வந்து முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். கன்னம் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. நாடி தெரியத் தொடங்கியிருந்தது. கண்ணில் ஒரு சந்தோசம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இப்பதான் அட்டையில இருக்கிற பெட்டை மாதிரி இருக்கிறீர்" என்று புகழ்ந்தேன். ஏன் மெலிந்தாள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. எல்லாரிடமும் எத்தனை நாளாய், எத்தனை நாளாய் என்று கேட்கிற நான் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

ஜனவரி இரண்டாம் கிழமை பிளேனில் இடம் கிடைத்தது. அட்டையைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள், சரி என்றார்கள். போக மூன்று நாள் இருக்கையில், காலை ஒன்பது மணிபோல், சித்தி அவளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினா. நிற்கமாட்டாமல் மடிந்து விழுகிறாள். சத்தி, குடித்த தண்ணீரும் வெளியே வருகிறது. மூச்செடுக்க முடியவில்லை. வீங்கின காலை அமத்தினால் குழி விழுகிறது. சோமபால அய்யே வரிசையைப் பிளந்துகொண்டு டிரொலியோடு ஓடினார். நான் துண்டை எடுத்து, மாத்திரை விட்டு எத்தனை நாளாய் என்று கேட்டேன். அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குக் கிட்ட. டொக்டர் அவளை ஏசினார், இந்த மருந்தை இப்படித் திடீரென்று நிப்பாட்டினால் ஆளே போய்விடும் என்று. நான் நடுவில் போய், அவளை ஏசாதீர்கள், சொன்னவள் நான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் அவருக்கு என்னோடு கதைக்க நேரம் இருக்கவில்லை.

சிறுநீரகம்வரை போய்விட்டது. வார்ட்டுக்கு ஏற்றினார்கள். பிளேன் அவளுடைய இடத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு போனது. அபி அப்பாவுடைய கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், பழைய செருப்போடு. அன்றைக்கு வார்ட்டுக்குப் போய் அவளுடைய கட்டிலடியில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு வாய் திறக்க வரவில்லை, மற்ற நேரமெல்லாம் ஓயாத வாய். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார்கள். அதை ஒரு கையால் விலக்கிக்கொண்டு அவள்தான் முதலில் கதைத்தாள்:

"முகம் சரியாய்த்தானே வந்தது, மிஸ்? அட்டையோட வைச்சுப் பாத்தனீங்கள்தானே?"

ஞாயிற்றுக்கிழமைக் குரல்

பிழைத்துவிட்டாள். மாத்திரையை முந்தியதைவிட இரண்டு மடங்காக்கினார்கள். ஏப்ரல் வரும்போது முகம் இன்னும் வட்டமாகிக் கழுத்தோடு சேர்ந்துவிட்டது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன் என்று ஒரு நாள் சொன்னாள். போகிற கதையை விட்டுவிட்டாள். நானும் அதைத் தொடவில்லை.

பிறகு ஒரு அதிசயம். ஏப்ரல் விடுமுறைக்குப் புருசனுக்கும் பிள்ளைக்கும் கொழும்பு வர அனுமதி கிடைத்தது. அவர்கள் வந்து இறங்கிய அன்றைக்கே பார்த்து வசந்திக்குத் திரும்பக் காய்ச்சல், வேறு எங்கே வருவாள், எங்களிடம்தான். புருசன் சித்தி வீட்டுக்குப் போய், ஆள் இல்லை என்று அறிந்து, பிள்ளையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். பதினொரு மணி. வாங்கு நிறைய ஆட்கள்.

வசந்தி அவர்களைக் கண்டதும் எழும்பினாள், எழும்பினபடியே நின்றாள். பிள்ளை அப்பாவின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வாங்கு வாங்காகப் பார்த்தது. வசந்தியையும் பார்த்தது. பார்த்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தது. வீட்டில் சுவரில் இருக்கிற படம் அந்த ஒல்லிப் பெட்டையின் படம்தானே, பிள்ளை அவளைத்தான் தேடுகிறது. புருசன் குனிந்து, அங்க பார், அம்மா என்று காட்டினார். பிள்ளை அவருக்குப் பின்னால் ஒளிந்தது. காலில் புதுச் சப்பாத்து, போட்டு ஒரு தரமும் நடக்காத பளபளப்பு. அம்மா பூட்டிவிடட்டும் என்று விட்ட வார் இரண்டு பக்கமும் தொங்கியது. வசந்தி ஒரு சொல் கதைக்கவில்லை, பயந்துபோய்க் குடையைப் பிடித்தபடி நிற்கிறாள். யாராவது ஏதாவது செய்யவேண்டும், எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு, "வசந்தி, எத்தனை நாளாய்?" என்று கேட்டேன்.

"மூண்டு நாளாய்க் காய்ச்சல், மிஸ். இருமலும் இருக்குது" என்றாள்.

பிள்ளை தலையை வெளியே நீட்டியது. போனில் கேட்கிற அந்தக் குரல் எங்கே இருந்து வருகிறது என்று பார்த்தது. பிறகு வார் தட்டத் தட்ட நடந்து அவளுக்குக் கிட்டப் போய், அண்ணாந்து முகத்தைப் பார்த்தது, முகம் சரிவரவில்லை. இரண்டு கையாலும் தன்னுடைய கண்ணைப் பொத்திக்கொண்டது.

"இன்னும் கதையுங்கோ. கண்ணை மூடினா அம்மாதான்."

பதினொரு வருசத்தில் எத்தனை நாள் என்று எழுதாமல் நான் உள்ளே அனுப்பின ஒரேயொரு துண்டு அன்றைக்குத்தான், அதற்கும் டொக்டரிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன்.